பெரிய டயரும் பழைய ரிம்மும்

என் பிக்கப்புக்குப் பெரிய டயர் மாட்டியது இது இரண்டாம் முறை. முதல் முறை மாட்டியதும் இதே 285/70 ஆர் 17 அளவுதான். வண்டியும் இதே வண்டிதான். ஆனால் அப்போது ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து ரிவர்ஸ் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் முன்சக்கரம் வண்டியின் அடியில் எதிலோ உரசிக் கரகரவென்று சத்தம் எழுப்பியது. இந்த முறை அந்தச் சத்தம் அறவே இல்லை. இரண்டு முறைக்கும் இடையில் மாறியது ரிம் ஒன்றுதான். பெரிய டயரைப் பற்றிக் கேட்டபோது எல்லோரும் எத்தனை அங்குலம் என்பதையே பேசினார்களே தவிர, ரிம்மின் ஆஃப்செட்டைப் பற்றி, அதாவது சக்கரம் எவ்வளவு உள்ளே ஒடுங்கியோ வெளியே தள்ளியோ நிற்கும் என்பதைப் பற்றி, எவரும் எனக்குச் சொல்லவில்லை. உரசித் தேய்ந்த இரும்பைப் பார்த்துத்தான் நான் அதைக் கற்றுக்கொண்டேன். அந்த வீண்செலவும் அலைச்சலும் இன்னொருவருக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம். வண்டி வாங்கியபோது அதில் இருந்தவை 265/70 ஆர் 17 டயர்கள். இதில் 265 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பதை 70 காட்டுகிறது. 265இல் 70 சதவீதம் 185.5 மி.மீ. கடைசியில் உள்ள 17 ரிம்மின் விட்டம், அங்குலத்தில், அதாவது 431.8 மி.மீ. மேலே ஒரு பக்கச்சுவர், கீழே ஒன்று, நடுவில் ரிம் என்று மூன்றையும் கூட்டினால் டயரின் மொத்த விட்டம் 802.8 மி.மீ. வரும். அதே கணக்கை 285/70 ஆர் 17க்குப் போட்டால் பக்கச்சுவர் 199.5 மி.மீ., மொத்த விட்டம் 830.8 மி.மீ., ஏறக்குறைய 32.7 அங்குலம். பேச்சில் முப்பத்துமூன்று அங்குல டயர் என்று சொல்லப்படுவது இதைத்தான். ஆக, விட்டத்தில் கூடியது 28 மி.மீ.; அதில் பாதி சக்கரத்தின் நடுப்புள்ளிக்கு மேலே போய்விடுவதால், தரைக்கும் வண்டிக்கும் இடையே உண்மையில் கிடைப்பது 14 மி.மீ. மட்டுமே.

பதினான்கு மில்லிமீட்டருக்கா இத்தனை பாடு என்று கேட்கத் தோன்றும். பின்பக்க ஆக்ஸிலையும் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரங்களை உள்ளடக்கி அதன் நடுவில் தொங்கும் டிஃபரென்ஷியல் கூட்டையும் ஒருமுறை குனிந்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டால் சேஸிஸ் என்ற அடிச்சட்டமும் அதற்கு மேலுள்ள பாகங்களும்தான் உயருமே ஒழிய, சக்கரங்களுக்கு இடையே நேராக ஓடும் அந்த ஆக்ஸில் ஓர் அங்குலம்கூட உயராது. அதை உயர்த்த விட்டம் பெரிதான டயரைத் தவிர வேறு எளிய வழி இல்லை. நடுவில் மேடும் இருபுறம் பள்ளமுமாகத் தடம் விழுந்த மண்பாதைகளில் நான் அடிக்கடி போகிறேன். என் டிஃபரென்ஷியல் கூட்டின் அடிப்பக்கம் கல் இழுத்த கீறல்கள் இருந்தன. எனக்கு வேண்டியிருந்தது அந்தச் சிறிய இடைவெளியும், கல்லில் எளிதில் கிழியாத தடித்த பக்கச்சுவரும்தான். தோற்றத்துக்காக மாற்றுவதையும் நான் குறை சொல்லமாட்டேன், அதுவும் நியாயமான ஆசையே. ஆனால் எதற்காக மாற்றுகிறோம் என்பது மனத்தில் தெளிவாக இருந்தால் தேவைக்கு மேல் பெரிய டயரின்மீது கை போகாது.

முதல் முறை நான் செய்த தவறு இது. பெரிய டயர் என்றால் அகலமான ரிம் வேண்டும் என்று எனக்குச் சொல்லப்பட்டது. நானும் அப்படியே நம்பினேன். வண்டியோடு வந்த ரிம் 7.5 அங்குல அகலம், ஆஃப்செட் 30. புதிதாக வாங்கியது 9 அங்குல அகலம், ஆஃப்செட் 0. ஆஃப்செட் என்பது ரிம்மின் அகலத்துக்கு நடுவே ஓடும் கோட்டுக்கும், அது ஹப்போடு, அதாவது சக்கரத்தை நட்டு போட்டு மாட்டும் மையப் பகுதியோடு, பொருந்தும் முகத்துக்கும் இடையேயுள்ள தூரம். அந்த முகம் நடுக்கோட்டிலிருந்து வெளிப்புறமாக 30 மி.மீ. தள்ளி இருந்தால் ஆஃப்செட் 30. அப்போது சக்கரம் அந்த அளவுக்கு வண்டிக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். ஆஃப்செட் பூஜ்யமானால் சக்கரம் முழுவதும் 30 மி.மீ. வெளியே வந்துவிடும். அதோடு ரிம் ஒன்றரை அங்குலம் அகலமானதால் பக்கத்துக்கு இன்னும் 19 மி.மீ. கூடியது. ஆக, ரிம்மின் வெளி விளிம்பு பழைய இடத்திலிருந்து 49 மி.மீ. வெளியே போய் நின்றது. நிறுத்திவைத்துப் பார்த்தால் வண்டி கம்பீரமாகத்தான் இருந்தது.

ஸ்டியரிங்கைத் திருப்பியபோதுதான் விவகாரம் தெரிந்தது. முன்சக்கரம் தன் நடுப்புள்ளியை வைத்துக்கொண்டு திரும்புவதில்லை. சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு பிணைக்கும் உருண்டை மூட்டுகளான மேல் பால் ஜாயிண்டையும் கீழ் பால் ஜாயிண்டையும் இணைக்கும் ஒரு கற்பனைக் கோட்டைக் கீலாகக் கொண்டு, கதவு திறப்பதைப் போலத் திரும்புகிறது. கீலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு பெரிய வளைவைக் கதவின் விளிம்பு வரையும் அல்லவா? சக்கரமும் அப்படியே. அதை 30 மி.மீ. வெளியே தள்ளிவிட்டால் அதன் வெளி விளிம்பு திரும்பும்போது முன்புறம் பம்பரை நோக்கியும், பின்புறம் கேபினைச் சேஸிஸோடு பிணைக்கும் பாடி மவுண்டை நோக்கியும் கூடுதலாக வீசும். டயரின் விட்டம் கூடியதால் ஒவ்வொரு பக்கமும் 14 மி.மீ.தான் நெருங்கியது, ஆஃப்செட் மாறியதால் நெருங்கியது அதைவிட அதிகம்.

வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றியபோது அந்தப் பாடி மவுண்டின் வெல்டிங் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பெயின்ட் போய், இரும்பு வெள்ளியைப் போலப் பளபளத்தது. தொட்டால் வழுவழுப்பாக இருந்தது. டயரின் தோள்பகுதியில் அதே அகலத்தில் ரப்பர் சீவப்பட்டு, அதன் துணுக்குகள் மட்கார்டின் உள்பக்க பிளாஸ்டிக் உறையில் கரும்பொடியாகத் தங்கியிருந்தன. ஓர் ஆண்டு இப்படியே விட்டிருந்தால் அந்தத் தோள்பகுதியில் எவ்வளவு ரப்பர் மிஞ்சியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

இதற்குப் பலரும் சொல்லும் தீர்வு, பாடி மவுண்டின் ஓரத்தை அறுத்து எடுத்துவிட்டுத் தகடு வைத்து வெல்டிங் செய்வது. முப்பத்தைந்து அங்குல டயர் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு அது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். என் வண்டியில் அதைச் செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை. கேபினைத் தாங்கும் இரும்பை அறுத்தபின் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. வெல்டிங் செய்த இடத்தில் சரியாகப் பூச்சு கொடுக்காவிட்டால் துருவும் அங்கிருந்தே தொடங்கும். அதனால் ரிம்மை விற்றுவிட்டு, பத்திரமாக எடுத்துவைத்திருந்த பழைய ரிம்மிலேயே இந்த அளவு டயரை ஏற்ற முடியுமா என்று பார்த்தேன். 285/70 ஆர் 17 டயருக்கு 7.5 முதல் 9 அங்குலம் வரையிலான ரிம் ஏற்றது என்று டயர் தயாரிப்பாளரின் அட்டவணையிலேயே இருந்தது. அகல ரிம் வாங்கச் சொன்னவர் அந்த ஒரு வரியைப் பார்த்திருந்தால் போதும்.

பழைய ரிம்மில் போட்டால் பிரச்சினை இடம் மாறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டயர் 20 மி.மீ. அகலமாகியிருப்பதால் உள்பக்கமும் ஏறத்தாழ 10 மி.மீ. நெருங்கும். அங்கே சஸ்பென்ஷனின் மேல் ஆர்ம், அதாவது சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் மேல் கை, இருக்கிறது. பழைய டயர் இருந்தபோதே அந்த இடைவெளியில் விரலை நுழைத்துப் பார்த்தேன். இரண்டு விரல் தாராளமாகப் போயிற்று. புதிய டயர் மாட்டியபின் ஒரு விரல் போகிறது, அதற்கு மேல் சிறிது மிச்சமும் இருக்கிறது. இது எல்லா வண்டிகளுக்கும் பொருந்தாது. சில வண்டிகளில் அங்கே இடமே இருக்காது, அப்போது ஆஃப்செட்டைப் பத்து அல்லது பதினைந்து மில்லிமீட்டர் குறைத்தே ஆக வேண்டும். என் கருத்து, குறைப்பதானால் உள்பக்கம் தேவைப்படும் அளவுக்கு மட்டும் குறைக்க வேண்டும் என்பதே. வெளியே வரவரச் சக்கர பேரிங்கின் மேல் விழும் நெம்புவிசை கூடும். குழியில் ஒரு சக்கரம் இறங்கினால் ஸ்டியரிங் கையைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு திரும்பப் பார்க்கும். அகல ரிம்மோடு ஓட்டிய மாதங்களில் இந்தப் பிடுங்கலை நான் நன்றாக உணர்ந்தேன். பழைய ரிம்முக்குத் திரும்பிய முதல் நாளே அது போய்விட்டது.

உரசுகிறதா என்று பார்ப்பதற்கு வண்டியைச் சமதரையில் நிறுத்தி ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்ப்பது போதாது. அப்போது ஸ்பிரிங் பாதிதான் அமுங்கியிருக்கும். நான்கு சக்கரத்துக்கும் வேண்டாம், ஒரே ஒரு முன்சக்கரத்தை மட்டும் உறுதியான ஒரு மேட்டில் ஏற்றி, அந்தப் பக்கத்து ஸ்பிரிங் முடிந்தவரை அமுங்கிய நிலையில், ஸ்டியரிங்கை இரு புறமும் கடைசிவரை ஒடித்து, முன்னால் ஒரு தடவையும் ரிவர்ஸில் ஒரு தடவையும் மெல்ல நகர்த்த வேண்டும். ரிவர்ஸ் ஏன் என்றால், வண்டி பின்னால் போகும்போது சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள் நெளிந்து சக்கரம் சில மில்லிமீட்டர் இடம் பெயரும். முன்னால் போகும்போது தப்பித்த இடம் அப்போது உரசும். சந்தேகமான இடங்களில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருண்டையாக ஒட்டிவைத்தால், எவ்வளவு இடைவெளி மிஞ்சியது என்பதை அது எந்த அளவுக்கு நசுங்கியது என்பதே காட்டிவிடும். என் வண்டியில் பாடி மவுண்டில் ஒட்டிய உருண்டை உருண்டையாகவே இருந்தது. இடப்பக்க மட்ஃபிளாப்பின் ஓரத்தில் ஒட்டியது மட்டும் லேசாகத் தட்டையானது. மட்ஃபிளாப்பைக் கழற்றி, துளையைச் சற்று நீட்டி, பின்னால் தள்ளி மாட்டியதோடு அது முடிந்தது.

அடுத்தது சுமை. இதில் அலட்சியம் கூடவே கூடாது, ஏனென்றால் பிக்கப் என்பதே பாரம் ஏற்றத்தான். டயரின் பக்கச்சுவரில் அளவுக்கு அடுத்து 115 என்றோ 121 என்றோ ஓர் எண் இருக்கும். அது சுமைக் குறியீடு. 115 என்றால் ஒரு டயர் 1,215 கிலோ தாங்கும், 121 என்றால் 1,450 கிலோ. இந்த எண் பழைய டயரில் இருந்ததைவிடக் குறையவே கூடாது. ஆனால் எண் கூடிவிட்டதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. அளவுக்கு முன்னால் 'எல்.டி.' என்று போட்டிருக்கும் லைட் டிரக் டயர்கள் தம் முழுச் சுமையையும் அதிகமான காற்றழுத்தத்தில்தான் தாங்கும். அதிகப் பாரம் தாங்கும் 'லோட் ரேஞ்ச் ஈ' வகையில் அந்த அழுத்தம் 80 பி.எஸ்.ஐ. வரை போகிறது. சாதாரண டயருக்கு 35 பி.எஸ்.ஐ.யில் இருக்கும் தாங்குதிறன் அதே 35இல் இந்த டயருக்கு இருக்காது. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள காற்றளவு பழைய டயருக்கு எழுதப்பட்டது. பெரிய டயர் வாங்கிவிட்டு அந்த ஸ்டிக்கரைப் பார்த்துக் காற்றடித்து, பின்னால் பாரமும் ஏற்றுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடேறும், அந்தச் சூட்டில்தான் டயர் வெடிக்கிறது. எந்த அழுத்தத்தில் எவ்வளவு எடை என்பதற்கு டயர் தயாரிப்பாளர்கள் அட்டவணை வெளியிடுகிறார்கள். வண்டியை வெறுமையாகவும் பாரத்தோடும் எடை மேடையில் முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் என்று தனித்தனியே நிறுத்தி எடை பார்த்து, அந்த அட்டவணையோடு ஒப்பிட்டுக் காற்றளவை முடிவு செய்தேன்.

பழைய டயர் ஒன்று 18 கிலோ இருந்தது. புதியது 25 கிலோ. நான்குக்கும் சேர்த்து 28 கிலோ என்பது ஓர் ஆள் எடைகூட இல்லை. ஆனால் அந்த எடையில் பெரும்பகுதி சக்கரத்தின் வெளிவட்டத்தில் இருக்கிறது, வண்டி கிளம்பும் ஒவ்வொரு முறையும் அதைச் சுழற்றிவிட வேண்டும், நிற்கும் ஒவ்வொரு முறையும் அதை அடக்க வேண்டும். அதோடு கியர் விகிதமும் மாறிவிடுகிறது. விட்டம் 3.5 சதவீதம் கூடியதால், ஆக்ஸிலின் விகிதம் 3.73 என்றால், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஆக்ஸிலுக்கு வரும் தண்டு 3.73 சுற்று சுற்றினால், அது இப்போது ஏறத்தாழ 3.60 போல நடந்துகொள்ளும். சமதரையில் இது தெரியவில்லை. முன்பு மூன்றாம் கியரில் முனகாமல் ஏறிய நீண்ட ஏற்றத்தில் இப்போது முழுப் பாரத்தோடு இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது. பிரேக்கிலும் அப்படித்தான். டிஸ்க்கைப் பற்றும் வலு மாறவில்லை, ஆனால் அந்த வலு தரையைச் சென்றடையும் இடம் சக்கரத்தின் நடுவிலிருந்து 14 மி.மீ. தள்ளிப் போயிருக்கிறது, அதே மிதிக்குக் கிடைக்கும் பிடி சுமார் 3.4 சதவீதம் குறைவு. ஒரே ஒரு படி பெரிய டயர் என்பதால் இதைப் பழகிக்கொள்ள முடிகிறது. இன்னும் இரண்டு படி மேலே போகிறவர்கள் ஆக்ஸில் கியரை மாற்றுவதையும் பிரேக்கை வலுப்படுத்துவதையும் டயரின் செலவோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஸ்பீடோமீட்டருக்கு நான் எண்களை மட்டும் நம்பவில்லை. டயரின் பக்கவாட்டில் கீழே சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு நேர்கீழே தரையில் ஒரு கோடு போட்டு, வண்டியை நேராக ஒரே ஒரு சுற்று உருட்டி, மறுபடி கோடு தரையைத் தொட்ட இடத்தில் இன்னொரு கோடு போட்டு அளந்தேன். பழைய டயர் 2,440 மி.மீ. வந்தது, புதியது 2,525. வண்டியின் எடையில் டயர் சற்று அமுங்குவதால் இரண்டுமே ஏட்டுக் கணக்கைவிடக் குறைவுதான். ஆனாலும் விகிதம் அதே 3.5 சதவீதம். ஸ்பீடோமீட்டர் பொதுவாக உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூட்டியே காட்டும்படி அமைக்கப்படுகிறது. அந்தக் காப்பு இப்போது என் வண்டியில் கரைந்துவிட்டது. ஜி.பி.எஸ். மூலம் சரிபார்த்து, வண்டியின் கணினியில் டயர் அளவை மாற்றி எழுதச் செய்தேன். மாற்றும் வரை கிலோமீட்டரும் குறைவாகத்தான் ஓடும் என்பதால், மைலேஜ் விழுந்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு திருத்தம் தேவை. எனக்கு முன்பு லிட்டருக்கு 11 கி.மீ. கிடைத்தது. டயர் மாற்றியபின் 60 லிட்டருக்கு மீட்டரில் 600 காட்டியது, அதாவது 10. உண்மையில் ஓடியது 621 கி.மீ.; அப்படியானால் லிட்டருக்கு 10.35. இழப்பு இருக்கிறது, ஆனால் மீட்டர் சொன்ன அளவுக்கு இல்லை.

ஸ்டெப்னியையும் அதே அளவில் வாங்கியே ஆக வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் சிறியதாக இருந்தால், ஃபோர் வீல் போட்டு இறுகிய சாலையில் ஓடும்போது முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் வெவ்வேறு வேகத்தில் சுழல முயன்று, இரண்டுக்கும் விசையைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். ஐந்தாவது டயரை வாங்குவதற்கு முன் பின்பெட்டிக்கு அடியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். எனக்கு சைலன்சர் குழாய்க்கும் டயருக்கும் நடுவே கட்டைவிரல் அளவுதான் மிஞ்சியது.

வீல் அலைன்மென்ட், பேலன்சிங், ஹெட்லைட் ஒளி விழும் உயரத்தைச் சரிசெய்தல், நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை டார்க் ஸ்பேனரால் மறுபடி சோதித்தல் ஆகியவற்றை எல்லோரும் சொல்வார்கள், நானும் செய்தேன்.

கடைசியாகக் காற்று. அட்டவணை சொன்ன குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாமல், எனக்குப் பொருத்தமான அளவைச் சாக்பீஸை வைத்தே கண்டுபிடித்தேன். டயரில் தரையைத் தொடும் டிரெட்டில் ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை குறுக்கே தடிமனாகப் பூசி, ஈரமில்லாத நேரான சாலையில் ஐம்பது அறுபது மீட்டர் ஓட்டி இறங்கிப் பார்த்தேன். 45 பி.எஸ்.ஐ.யில் நடுவில் மட்டும் அழிந்து, இரு ஓரத்திலும் வெள்ளை அப்படியே இருந்தது. நடு வீங்கி நிற்கிறது என்று பொருள். இரண்டிரண்டாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் புதிதாகப் பூசி ஓட்டினேன். முன்பக்கம் 39இலும், வெறும் வண்டிக்குப் பின்பக்கம் 37இலும் கோடு முழு அகலத்துக்கும் ஒரே சீராக அழிந்தது. பாரம் ஏற்றினால் பின்பக்கத்துக்கு அட்டவணைப்படி கூட்டிக்கொள்கிறேன். இந்த எண்களை ஒரு சிறு தாளில் எழுதி, கதவுத் தூணில் உள்ள பழைய ஸ்டிக்கருக்கு மேலேயே ஒட்டிவிட்டேன். வேறு யார் வண்டியை எடுத்துப் போய்க் காற்றடித்தாலும் அந்தத் தாளைப் பார்த்தே அடிக்க வேண்டும்.